14 ஸ்லோட்டி கணக்கும் காலி ஜாடிகளும்

போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகருக்கு 2013ஆம் ஆண்டு வேலை நிமித்தம் வந்து சேர்ந்தேன். வந்து ஆறு மாதம் ஆவதற்குள் இந்த ஊர்க்காரர்கள் பணத்தில் கறாரானவர்கள், உறவில் ஒட்டாதவர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தவறு என்று புரிய நான்கைந்து ஆண்டுகள் ஆயின. இடையில் ஒரு நண்பர் என்னோடு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். நானும் இந்த ஊர்ப் பெண்ணையே மணந்துகொண்டேன். இங்கே வரவிருப்பவர்களுக்கும், வந்து குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் நான் பட்டதை எழுதுகிறேன்.

முதல் குழப்பம் பீர்க் கடையில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலகத்து ஆட்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து போவோம். ஒருவர் மொத்தமாகப் பணம் கட்டுவார். மறுநாள் காலை நான் கண் விழிக்கும் முன்பே "உன் பங்கு 14 ஸ்லோட்டி 50 குரோஷ்" என்று அவருடைய செய்தி கைப்பேசியில் காத்திருக்கும். ஸ்லோட்டி போலந்தின் நாணயம், நூறு குரோஷ் சேர்ந்தது ஒரு ஸ்லோட்டி. கல்லாவுக்கு முன்னால் "நீ எடுக்காதே, நான் தருகிறேன்" என்று மல்லுக்கட்டியே வளர்ந்தவன் நான். ஐம்பது குரோஷையும் விடாமல் கேட்கும் ஒருவரை நண்பர் என்று எப்படிச் சொல்வது என்று அப்போது உண்மையாகவே யோசித்தேன். இப்போது பிளிக் என்னும் கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறை எல்லோரிடமும் இருப்பதால் இந்தக் கணக்கு இன்னும் விரைவாக முடிந்துவிடுகிறது. சில நேரங்களில் மேசையை விட்டு எழுவதற்குள்ளேயே.

2015 இலையுதிர் காலத்தில் வீடு மாற்றினேன். அதே 14 ஸ்லோட்டி நண்பர் தம் உறவினரிடம் வேன் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து நின்றார். புது வீடு மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. துணி அலமாரியைப் படிக்கட்டு வளைவில் திருப்ப முடியாமல், கதவுகளைக் கழற்றி, பலகை பலகையாக மேலே ஏற்றி, மீண்டும் பூட்டிக் கொடுத்தார். மாலை மூன்று மணிக்கு வேலை முடிந்தபோது, டீசல் செலவும் அவருடைய ஒரு நாள் உழைப்பும் வீணாகக் கூடாதென்று 200 ஸ்லோட்டியை உறையில் போட்டு நீட்டினேன். அவர் உறையைப் பிரித்துப் பார்த்தார். முகம் சிவந்தது. உறையை அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு, போட்டு வைத்த தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த இரண்டு வாரமும் அலுவலகத்தில் ஒற்றைச் சொல் வணக்கம் மட்டும்தான்.

என்ன தவறு செய்தேன் என்று உடன் பணிபுரிந்த ஒரு பெண்மணிதான் சொன்னார்: "அவர் உன் வீட்டுக்கு நண்பராக வந்தார், நீ அவரைக் கூலியாளாக அனுப்பி வைத்தாய்." பிறகு என்னதான் கொடுப்பது என்று கேட்டேன். அன்று மதியம் எல்லோருக்கும் பீட்சா வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது ஒரு ஃப்ளாஷ்கா, அதாவது ஒரு பாட்டில் ஓட்கா, வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ என்றார். போனேன். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு சிறிய கண்ணாடிக் குவளைகளை எடுத்து வைத்தார். பாட்டில் பாதியானபோது, வசந்த காலத்தில் தம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கப் போவதாகவும், நான் பழைய சட்டை ஒன்று எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். அந்த ஏப்ரலில் இரண்டு சனிக்கிழமைகள் வண்ணம் அடித்தேன். அதன் பிறகு எங்களுக்குள் எந்தச் சிக்கலும் இல்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். சிறிய பணத்தை உடனுக்குடன் தீர்த்துவிடுவது இங்கே கஞ்சத்தனம் ஆகாது. ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டவராக உட்கார்ந்திருக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது அது. உழைப்புக்கு விலை போடுவதோ அந்த உறவையே முறிப்பதற்கு ஒப்பு. பீருக்குப் பணத்தால் பதில் சொல்ல வேண்டும், அலமாரி தூக்கியதற்கு உடம்பால் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் எந்த நல்லெண்ணமும் காப்பாற்றாது. "வா, நான் அழைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரே பணம் கட்டுவார் என்று பொருள்; "போகலாமா?" என்றால் அவரவர் பங்கு அவரவருக்கு. இந்த ஒரு வேறுபாட்டைக் காதில் வாங்கிக்கொண்டாலே பாதித் தர்மசங்கடம் குறையும்.

இந்த இரட்டைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது என் மனைவியின் பாட்டியார் வீட்டுச் சமையலறையில்தான் விளங்கியது. வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள சிறு ஊர் அது. அடுப்புக்கு மேலுள்ள பலகையில் வெள்ளைப் பீங்கான் ஜாடிகள் ஆறு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் நீல எழுத்தில் ஜெர்மன் சொற்கள். சர்க்கரை என்று எழுதிய ஜாடியில் பாட்டியார் பொத்தான்களைப் போட்டு வைத்திருந்தார். மாவு என்று எழுதியதில் பக்வீட் தானியம். 1945 வரை இந்தப் பகுதி ஜெர்மனிக்குச் சொந்தம். அப்போது வ்ரோத்ஸ்வாஃபின் பெயர் பிரெஸ்லாவ். போருக்குப் பின் எல்லைகள் மேற்கே நகர்த்தப்பட்டபோது ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். கிழக்கே சோவியத் ஒன்றியத்திடம் போன லிவிவ் நகரைச் சுற்றியிருந்த போலந்துக்காரர்கள் சரக்கு ரயில்களில் இங்கே வந்து இறங்கினர். பாட்டியாருக்கு அப்போது ஒன்பது வயது. அவர்கள் விட்டு வந்த வீட்டில் யாரோ குடியேறினர். அவர்கள் குடியேறிய வீட்டில் வேறு யாரோ விட்டுப்போன ஜாடிகள் இருந்தன. இத்தகைய பொருள்களைக் குறிக்கவே 'பொன்யெமியெத்ஸ்கியே', ஜெர்மானியர் விட்டுப்போனவை, என்று போலிஷ் மொழியில் ஒரு சொல் உண்டு. ஜெர்மானியர் திரும்பி வந்து வீட்டைக் கேட்பார்களோ என்ற அச்சத்தில் பாட்டியாரின் தந்தை பல ஆண்டுகள் கூரையைப் பழுது பார்க்கவே இல்லையாம். மேற்கு ஜெர்மனி இந்த எல்லையை ஏற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1970 டிசம்பரில்தான். ஒன்றுபட்ட ஜெர்மனியோடு இறுதி ஒப்பந்தம் 1990 நவம்பரில்.

பொருள் கைவிட்டுப் போகும் என்பதைப் பாட்டியார் தலைமுறை கண்டது. பணம் இருந்தும் பொருள் கிடைக்காது என்பதை மாமியார் தலைமுறை கண்டது. 1976இல் சர்க்கரைக்கும் 1981இல் இறைச்சிக்கும் பங்கீட்டு அட்டைகள் வந்தன. இறைச்சி அட்டை 1989 வரை நீடித்தது. துவைக்கும் இயந்திரத்துக்கும் அறைகலனுக்கும் நாள்கணக்கில் வரிசை நின்றிருக்கிறார்கள். வரிசைக்குத் தனியாக ஒரு குழு இருக்கும்; சில மணி நேரத்துக்கு ஒருமுறை பெயர் வாசிக்கப்படும்; அந்த நேரத்தில் இல்லாதவர் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். ஆகவே மாமியார் இரவில் நிற்க, மாமனார் விடியற்காலையில் வந்து மாற்றிவிட, பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, இப்படித்தான் ஒரு சோபா வீட்டுக்கு வந்தது. 'ஸவாத்விச்' என்ற வினைச்சொல்லை மாமியார் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். நேரான வழியில் கிடைக்காததைத் தெரிந்த ஆள் மூலம் முடித்துக்கொள்வது என்பது அதன் பொருள். இறைச்சிக் கடைக்காரரைத் தெரிந்து வைத்திருப்பது வங்கிக் கணக்கைவிட மேல். பணத்தால் ஆகாததெல்லாம் மனிதரால் ஆன அந்தக் காலத்தில், மனிதர் செய்த உதவியைப் பணமாக மாற்றிக் கொடுப்பது அவமதிப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. என் 200 ஸ்லோட்டி உறை எந்தப் புண்ணில் பட்டது என்பது அந்தச் சோபாக் கதையைக் கேட்ட பிறகே புரிந்தது.

பணத்தின் மேலும் அவர்களுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மாமனாரின் மேசை இழுப்பறையில் 20 லட்சம் ஸ்லோட்டி மதிப்புள்ள ஒற்றை நோட்டு ஒன்று இருக்கிறது, 1992இல் அச்சிட்டது. 1995இல் நான்கு சுழிகளை வெட்டி, பழைய 10,000 ஸ்லோட்டிக்குப் புதிய ஒரு ஸ்லோட்டி என்று அரசு அறிவித்தபோது அந்த நோட்டின் மதிப்பு 200 ஸ்லோட்டி ஆயிற்று. 2010 இறுதிவரை மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தும் அவர் மாற்றவில்லை. அதோடு கூடவே என் மனைவியின் பெயரில் அவர் தொடங்கிய வீட்டுச் சேமிப்புப் புத்தகமும் இருக்கிறது. மகள் பெரியவளானால் ஒரு வீடு கிடைக்கும் என்று 1980களில் மாதந்தோறும் கட்டிய பணம், அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்த விலையேற்றத்தில் கரைந்துபோயிற்று. இன்று போலந்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள், வாடகை கொடுப்பதைக் காசைக் கரியாக்குவதாக நினைக்கிறார்கள் என்றால், அதைப் பொருளாசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த வீட்டுக் கவலை காதலுக்குள்ளும் நுழையும். என் மனைவியை நான் சந்தித்த மூன்றாவது முறையே, "உனக்கு எந்த வகை ஒப்பந்தத்தில் வேலை?" என்று அவர் கேட்டார். சம்பளத்தைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. அலுவலக ஆண்கள் பெண்களைப் பற்றிக் குறை பேசும்போது 'மத்தெரியாலிஸ்த்கா', பணத்துக்காக வருபவள், என்று எளிதாகச் சொல்லக் கேட்டிருந்தேன். அந்தச் சொல் என் காதில் ஏறியிருந்தது. உண்மையில் அவர் கேட்டது வேறு. நிரந்தர வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் வங்கி வீட்டுக்கடனை எளிதில் கொடுக்கும். அந்தப் பாதுகாப்பு இல்லாத தற்காலிக ஒப்பந்தங்களை இங்கே 'குப்பை ஒப்பந்தம்' என்றே பேச்சில் சொல்வார்கள். அவர் அத்தகைய ஒப்பந்தங்களில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்து, மூன்று முறை வீடு மாற்றியவர். உன்னோடு சேர்ந்து ஓர் இடத்தில் வேர்விட முடியுமா என்பதைத்தான் அவர் கேட்டார். 'மத்தெரியாலிஸ்த்கா' என்ற சொல்லைப் பெண்களுக்கு மட்டும் எடுத்து வீசுவதும், தம் காரின் குதிரைத்திறனைப் பத்து நிமிடம் விவரிக்கும் ஆணுக்கு அந்தச் சொல் ஒருபோதும் வராததும் நியாயமில்லை என்பது என் கருத்து; இதை என் நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

திருமணத்தைவிட வீட்டுக்கடன் இருவரை இறுக்கமாகக் கட்டும் என்று இங்கே ஒரு பகடி உண்டு. 2015 ஜனவரி 15ஆம் தேதி அந்தப் பகடி எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு உண்மையாயிற்று. வட்டி குறைவு என்பதால் பலரும் ஸ்விஸ் ஃபிராங்க்கில் கணக்கிடப்பட்ட கடனை வாங்கியிருந்தார்கள். யூரோவுக்கு எதிரான தன் நாணய மதிப்பின் உச்சவரம்பை ஸ்விஸ் மைய வங்கி அன்று திடீரெனக் கைவிட்டது. மூன்றரை ஸ்லோட்டி அளவில் இருந்த ஃபிராங்க் அன்றே நான்கு ஸ்லோட்டியைத் தாண்டியது. பிரிந்துவிடுவது என்று முடிவு செய்திருந்த அந்தத் தம்பதியின் வீட்டை விற்றாலும் கடன் அடையாது என்றாயிற்று. சமையலறையை நேரம் பங்கிட்டுக்கொண்டு, ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு இருவருக்கும் பொதுவான விருந்தினராக யாரும் போக முடியாது. யாரைப் பார்க்க வந்தோம் என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துத்தான் நாங்கள் திருமணத்துக்கு முன் நோட்டரியிடம் போனோம். போலந்துச் சட்டப்படி, திருமணமான நொடியிலிருந்து இருவர் சம்பாதிப்பதும் பொதுச் சொத்து. அதற்கு முன் இருந்ததும், பின்னர் மரபுரிமையாகவோ கொடையாகவோ வருவதும் தனிச் சொத்து. இதை மாற்றிக்கொள்ள விரும்பினால் 'இன்தெர்த்சிஸா' என்னும் ஒப்பந்தத்தை நோட்டரி முன் எழுத வேண்டும். என் மனைவி அப்போது சொந்தத் தொழில் தொடங்கியிருந்தார். தொழிலில் கடன் விழுந்தால் அது என் தலையில் விடியக் கூடாது என்று அவரே இதைக் கேட்டார். தாலி கட்டுவதற்கு முன்பே பிரிவினைப் பத்திரமா என்று எனக்கு உள்ளுக்குள் கசந்தது. நோட்டரி பத்திரத்தை முழுவதும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது விதி. சட்டப் போலிஷ் எனக்குப் புரியாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உடனிருந்தார். ஒவ்வொரு பத்தியையும் இரண்டு மொழிகளில் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில், பணத்தைப் பற்றி நாங்கள் இனிச் சண்டையிட வேண்டிய பெரும்பாலானவற்றைப் பேசித் தீர்த்துவிட்டோம் என்று பட்டது. வெளிநாட்டுத் துணையை மணப்பவர்களுக்கு என் அறிவுரை: கையெழுத்திடுகிறீர்களோ இல்லையோ, அந்தப் பேச்சைத் திருமணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், மொழிபெயர்ப்பாளர் செலவைப் பார்க்காதீர்கள்.

2017இல் திருமணம். விருந்து மண்டபத்தில் ஒரு தட்டுக்கு 220 ஸ்லோட்டி. அழைக்கப்பட்டவர்கள் நாசூக்காக இந்தத் தொகையை விசாரிப்பார்கள். ஏனென்றால் உறையில் வைக்கும் பணம் குறைந்தது தம் தட்டுக்காவது ஈடாக இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. மொய் நோட்டு வைத்து ஒலிபெருக்கியில் அறிவிக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு இது அந்நியமாக இல்லை. இங்கே அறிவிப்பு மட்டும்தான் கிடையாது. சில அழைப்பிதழ்களில் பூங்கொத்துக்குப் பதிலாக ஒயினோ லாட்டரிச் சீட்டோ கொண்டுவாருங்கள் என்று எதுகை மோனையோடு பாட்டே அச்சிட்டிருப்பார்கள். "அடகு வைத்தாவது ஆடம்பரமாய் நில்" என்ற பொருள்படும் பழமொழி ஒன்று போலிஷில் உண்டு. வாசலில் ரொட்டியும் உப்பும், விடிய விடிய நடனம், நள்ளிரவுக்குப் பின் சூடான பீட்ரூட் சூப், மறுநாள் மீண்டும் ஒரு விருந்து என்று பார்த்தபோது அந்தப் பழமொழியின் பொருள் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அந்த விருந்தில்தான் மாமியார், "இனி 'பானி' வேண்டாம், 'மாமோ' என்று கூப்பிடு" என்றார். பானி என்பது மரியாதைக்குரிய பெண்மணியை அழைக்கும் சொல். நான்கு ஆண்டுகள் அப்படித்தான் அழைத்திருந்தேன்.

மறுநாள் உறைகளைப் பிரித்தபோது ஒன்றில் 50 ஸ்லோட்டி மட்டும் இருந்தது, பெரியம்மா முறை வரும் ஒருவருடையது. என் மனைவி அதைக் குறித்துக்கொண்டார்; கணக்குப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். அடுத்த மாதம் அந்த அம்மையாரின் வீட்டுக்கு ஒரு வண்டி நிலக்கரி வாங்கி இறக்கினோம். ஓய்வூதியம் போதவில்லை என்பது அந்த உறையிலிருந்துதான் எங்களுக்குத் தெரியவந்தது.

ஆடம்பரம் உண்மையில் எரிச்சலூட்டும் இடம் ஒன்று உண்டென்றால், அது மே மாதத்தில் நடக்கும் பிள்ளைகளின் முதல் நற்கருணை விழா. ஒரு காலத்தில் கைக்கடிகாரமோ மிதிவண்டியோ கிடைத்தது. இப்போது எட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு மடிக்கணினியும் ட்ரோனும். ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாள்கள் அங்கலாய்க்கின்றன, ஒவ்வோர் ஆண்டும் விலை ஏறுகிறது. நாங்கள் ஞானப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுப்போம். அவர்களைத் தாண்டிப் போவது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும்.

சிறு விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பூ வாங்கினால் ஒற்றைப்படை எண்ணில், இரட்டைப்படை இறப்புக்கு. செவ்வந்தி கல்லறைக்குரியது, நம் ஊர் நினைவில் அதை வாங்கிக்கொண்டு நான் ஒரு முறை விருந்துக்குப் போய்விட்டேன். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் "பிரமாதம்" என்று சொல்லாதீர்கள், பீற்றல் என்று நினைப்பார்கள். "ஸ்தாரா பியெதா", பழைய வறுமையே தொடர்கிறது, என்று சொல்லுங்கள். புதிய கார் வாங்கியவரும் அதைத்தான் சொல்வார். உடன் வேலை பார்ப்பவரை நண்பர் என்று அறிமுகப்படுத்தாதீர்கள். பழக்கமானவர், தோழர், நண்பர் என்று மூன்று படிகள் இங்கே உண்டு. 'ப்ஷியாச்செல்' என்ற கடைசிப் படிக்கு ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். வேன் நண்பர் என்னை அந்தச் சொல்லால் தம் அம்மாவிடம் அறிமுகப்படுத்தியது சுவருக்கு வண்ணம் அடித்து மூன்று ஆண்டுகள் கழித்து.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அவர் தம் இரண்டு அறை வீட்டில் ஓர் அறையை ஒரு பெண்ணுக்கும் அவருடைய இரு பிள்ளைகளுக்கும் ஒழித்துக் கொடுத்தார். ஐந்து மாதம் வாடகை வாங்கவில்லை. அடைக்கலம் தந்தவர்களுக்கு ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 40 ஸ்லோட்டி என்று அரசு குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்தது. அவர் தவறாமல் விண்ணப்பித்தார். வந்த தொகையைத் தனியாக ஒரு தாளில் எழுதி, மளிகை ரசீதுகளை அதனுடன் குத்தி, மீதியை மாத இறுதியில் அந்தப் பெண்ணிடம் எண்ணிக் கொடுத்தார். அந்த நாள்களிலும் வெள்ளிக்கிழமை பீருக்கு என்னிடம் என் பங்கைக் கேட்கத் தவறவில்லை.

மாமியார் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. வெள்ளரிக்காய் ஊறல், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், பிளம் பழக் களி, கோழிச் சூப் எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, செய்தித்தாள் சுற்றி, காரின் பின்பெட்டியில் ஏறும். ஊரிலிருந்து ஜாடியோடு தலைநகர் வார்சாவுக்குப் பிழைக்கப் போகிறவர்களை 'ஸ்வோயிக்', அதாவது ஜாடி, என்றே கேலி செய்வார்கள். தொடக்கத்தில் நான் காலி ஜாடிகளை மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டேன். அடுத்த முறை மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஜாடிகளும் தரவில்லை. காலி ஜாடி திரும்பி வர வேண்டும், அப்போதுதான் நிறைந்த ஜாடி போகும் என்று மனைவி காரில் வரும்போது சொன்னார்.

இப்போது கழுவி, மூடி தனியாகக் காயவைத்து, எண்ணி எடுத்துப் போகிறேன். சென்ற முறை இருபத்து நான்கில் ஒன்று குறைந்தது. மாமியார் இரண்டு முறை எண்ணினார். அதில் சாம்பார்ப் பொடி போட்டு வைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "மூடி இறுக்கமாக இருக்கிறதா? இல்லையென்றால் வாசம் போய்விடும்" என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து புதிய மூடி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.